விடுமுறையின் விலை

சென்ற கோடையில் கோபன்ஹேகனிலும் ஸ்டாக்ஹோமிலும் நண்பர்கள் இல்லங்களில் தங்கினேன். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம்! ஆனால், ஜூலைத் திங்களில் ஸ்டாக்ஹோமில் பல கடைகள் பூட்டிக் கிடந்தன. காரணம் கேட்டேன். "விடுமுறை, நண்பரே! ஆண்டுக்கு ஐந்து வாரம், ஊதியத்துடன், சட்டம் தந்த உரிமை" என்றார் அச்சகத் தொழிலாளியான நண்பர்.

"அந்தச் சட்டத்தைத் தந்தது யார்?" என்றேன். விடை கூறாமல், வடக்கே தாம் பிறந்த ஓடாலன் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்றார். அடர்ந்த காடு, அகன்ற ஆறு, கரையில் லுண்டே எனும் சிற்றூர். 1931 மே 14இல், கருங்காலிகளை எதிர்த்து அங்கே ஊர்வலம் வந்த தொழிலாளர்மீது இராணுவம் சுட்டது. ஐவர் மாண்டனர், அவர்களில் ஒருத்தி, வேடிக்கை பார்க்க நின்ற இளநங்கை!

அம்மக்கள் அழுததோடு அமையவில்லை. 1932 தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சியை ஆட்சியில் அமர்த்தினர். 1938இல் இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று. 1978இல் அது ஐந்து வாரமாக வளர்ந்தது.

நினைவுச்சின்னத்தின் முன் நண்பர் தலை தாழ்த்தினார். "என் மகனுக்கு விடுமுறை தெரியும், இந்த இடம் தெரியாது" என்றார்.

தோழர்களே! பெற்ற உரிமையைத் துய்ப்போம். பெற்ற கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். கதை மறந்த வீட்டில் உரிமை நெடுநாள் தங்காது!