பணியிடத்துக்குத் தூய காற்று: இயந்திரம் வாங்குமுன் திட்டமிடுவோம்

மனோர் பார்க் சிறுவணிகர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஆற்றப்பட்ட உரை



ரொம்ஃபோர்ட் வீதியை நோக்கியிருக்கும் கடைக்கு வெளியே வாகனப் புகை. உள்ளே எண்ணெய்ப் புகை, மாவுத் தூசி, துப்புரவுத் திரவங்களின் நெடி. இவை அனைத்துக்கும் ஒரு காற்று வடிகட்டி இயந்திரம் போதும் என்று எண்ணுவோர் பலர். அது போதாது. வடிகட்டி துகள்களைப் பிடிக்கும். புதிய காற்றைக் கொண்டுவராது. சரிவர எரியாத அடுப்பும் கரி அடுப்பும் வெளியிடும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவையும் அது நீக்காது. அதற்கு எச்சரிக்கைக் கருவி தனியே வேண்டும்.

மூடிய பணியிடங்களில் புதிய அல்லது தூய்மையாக்கிய காற்று போதிய அளவில் இருத்தல் வேண்டும் என்பது 1992ஆம் ஆண்டின் பணியிட விதிகள் வேலை வழங்குநருக்கு விதித்த கடமையாகும். அதனை மூன்று படிகளில் திட்டமிடலாம்.

முதலாவது, மாசை அது பிறக்கும் இடத்திலேயே அகற்றுதல். அடுப்புக்கு மேலே புகையுறிஞ்சி இயங்க வேண்டும். மாவுத் தூசியைப் பெருக்கிக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

இரண்டாவது, புதிய காற்று. ஒருவருக்கு வினாடிக்கு 10 லீற்றர் என்பது பொதுவான அளவு. அடுப்பு எரியாத அறைகளில் காபனீரொட்சைட்டு மானி இதற்கு உதவும். அது 800க்குக் கீழே காட்டினால் காற்றோட்டம் நன்று. தொடர்ந்து 1,500க்கு மேல் காட்டினால் உடனே திருத்த வேண்டும். காற்றை வீதிப் பக்கத்தில் அன்றி, இயன்றவரை பின்புறத்திலிருந்து எடுப்பது நல்லது.

மூன்றாவதே வடிகட்டி. 6 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரமுள்ள அறையின் கொள்ளளவு 90 கன மீற்றர். மணிக்கு ஐந்து முறை அக்காற்றைத் தூய்மையாக்க 450 கன மீற்றர் திறன் தேவை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் திறன் பெரும்பாலும் உச்ச வேகத்துக்கே உரியது. இரைச்சலுக்கு அஞ்சி வேகத்தைக் குறைத்தால் திறனும் குறையும். வடிகட்டியை மாற்றும் செலவையும் முன்கூட்டியே கணக்கிடுக.

பணியாளர்களே, வேலை நாளில் இருமலும் மூச்சிரைப்பும் வந்து, விடுமுறையில் தணிந்தால் அதனை அலட்சியம் செய்யாதீர்கள். மாவுத் தூசியால் வரும் ஆஸ்துமா அவ்வாறே தொடங்குவதுண்டு. குடும்ப மருத்துவரிடம் உங்கள் தொழிலையும் சேர்த்துச் சொல்லுங்கள், முதலாளியிடமும் தெரிவியுங்கள். கடைகளிலும் உணவகங்களிலும் இவ்விதிகளை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு உள்ளூர் நகரசபையுடையது. தீர்வு கிட்டாதவிடத்து அங்கே முறையிடலாம்.