கியூபாப் பணமும் கோமியாஸ் மாளிகைகளும்: கருத்தரங்கத் தலைமை உரை



கடல் கடந்து பொருளீட்டித் திரும்பியோரின் செல்வம் கரையோர ஊர்களின் கட்டடங்களை எவ்வாறு மாற்றியது என்பதை ஆராய முற்படும் இக்கருத்தரங்கு, ஸ்பெயினின் வடகடற்கரையில் கான்தாப்ரியப் பகுதியிலுள்ள கோமியாஸ் என்னும் சிற்றூரை முதற்சான்றாகக் கொள்வது பொருத்தமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கரையோரத்து இளைஞர் பலர் பிழைப்பைத் தேடியும், கட்டாயப் படைச்சேவைக்கு அஞ்சியும் கியூபாவுக்கும் மெக்சிகோவுக்கும் கப்பலேறினர். அவர்களுள் பணத்தோடு திரும்பியவரை ஊரார் 'இந்தியானோ' என்றழைத்தனர்; அமெரிக்க நிலப்பகுதிகளை ஸ்பானியர் 'இந்தியாக்கள்' என்று வழங்கியதால் வந்த பெயர் இது. பக்கத்துப் பகுதியான அஸ்தூரியாவில், வாசலில் நிற்கும் பனைவகை மரத்தைக் கொண்டே இத்தகையோரின் வீட்டை இன்றும் இனங்காணலாம்.

1817-இல் கோமியாஸில் எளிய குடும்பத்தில் பிறந்த அன்தோனியோ லோபஸ், இளமையிலேயே கியூபா சென்று, அடிமை வணிகம் உள்ளிட்ட தொழில்களில் பெரும் பொருள் சேர்த்தார். அவர் திரும்பியது பிறந்த ஊருக்கு அன்று, பார்சலோனாவுக்கு என்பதே இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. கப்பல் நிறுவனம், வங்கி, பிலிப்பைன்ஸ் புகையிலை வணிகம் என அங்கு வளர்ந்த அவர், கியூபாப் போருக்குப் படைகளைத் தம் கப்பல்களில் ஏற்றிச்சென்ற உதவிக்காக 1878-இல் 'கோமியாஸ் மார்க்கிஸ்' என்னும் பிரபுப் பட்டம் பெற்றார். பட்டத்தில் ஊர்ப்பெயர் ஏறியபின், அப்பெயருக்கு ஏற்ற தோற்றத்தை ஊருக்கு அளிக்கும் வேலை தொடங்கியது. அதற்குரிய கட்டடக் கலைஞர்கள் கட்டலோனியாவிலிருந்தே வந்தனர். எனவே கோமியாஸின் புகழ்பெற்ற கட்டடங்களை வடகரையின் உள்ளூர் மரபில் வைத்து விளக்க முயல்வது பயனற்றது.

அக்கலைஞர்களுள் ஒருவரான மார்த்தொரெல் லோபஸுக்காக வடிவமைத்த சொப்ரெயானோ மாளிகை, கூர்வளைவுகள் கொண்ட இடைக்காலக் கோதிக் பாணியைப் புதுப்பித்து எழுந்தது; அது முடிவுற்ற 1888-க்கு ஐந்தாண்டுகள் முன்பே லோபஸ் இறந்துவிட்டார். அதனருகே 1883 முதல் 1885 வரை கட்டப்பட்ட 'எல் காப்ரிச்சோ', கியூபாவில் பொருளீட்டிய வழக்கறிஞரும் லோபஸ் குடும்பத்தின் உறவினருமான மாக்சிமோ தியாஸ் தெ கிஹானோவுக்காக இளம் அந்தோனி கவுடி வரைந்தது. செங்கற் சுவரைச் சுற்றிச் சூரியகாந்திப் பூ பதித்த மெருகோடுகள் வரிவரியாக ஓடுகின்றன. காலையில் புழங்கும் அறைகள் கிழக்கையும் மாலை அறைகள் மேற்கையும் நோக்கியிருக்க, தெற்கே அமைந்த கண்ணாடிச் செடிக்கூடம் வெயிலின் வெப்பத்தைத் தேக்கி வீட்டுக்கு வழங்குகிறது. மேலும் கீழும் நகரும் சன்னல்களுக்கு எதிர்ப்பாரமாக உலோகக் குழாய்களைத் தொங்கவிட்டு, சன்னலைத் திறக்கும்போது ஓசை எழச் செய்திருப்பது, இசைப்பித்தரான உரிமையாளரின் மனமறிந்த வேலை. கவுடியோ பார்சலோனாவிலேயே இருந்தார். உடன்பயின்ற காஸ்காந்த் என்பவரே பணியை மேற்பார்த்தார். உரிமையாளரும் 1885-இலேயே காலமானார். ஆக, திரும்பியவர் குடியிருக்கக் கட்டியவை என்று பொதுவாகச் சொல்லப்படும் இவ்விரு மாளிகைகளிலும், கட்டுவித்தவர் வாழ்ந்த காலம் இல்லை என்றே கூறிவிடலாம்.

லோபஸின் கொடையால் குன்றின்மேல் எழுந்து 1892-இல் திறக்கப்பட்ட குருமடமும், கட்டடக் கலைஞர் தொமேனெக் இ மொந்தானெர் விரிவாக்கிய கல்லறைத் தோட்டமும் இதே பணத்தின் கிளைகளே. 1881-இல் அரசர் பன்னிரண்டாம் அல்போன்சோ கோடையைக் கழிக்க வந்தபோது, ஸ்பெயினில் மின்விளக்கு முதலில் எரிந்த ஊர்களுள் ஒன்றாகவும் கோமியாஸ் ஆயிற்று.

இத்துறை நூல்களுள் பல முகப்பின் அழகில் மயங்கி, பணம் வந்த வழியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது பெருங்குறை. லோபஸின் மனைவியின் உடன்பிறந்தாரே 1885-இல் அவருடைய அடிமை வணிகத்தைச் சாடி நூல் வெளியிட்டார் என்றிருக்க, அக்காலத்தார் அறியாததுபோல் எழுதுவதற்கு இடமில்லை. வெறுங்கையோடு திரும்பியோரும் திரும்பாமலே மறைந்தோரும் கட்டடம் எதையும் விட்டுச் செல்லவில்லை. எஞ்சிய மாளிகைகளை மட்டும் எண்ணிப் புலம்பெயர்வின் பலனை அளப்பது பிழையான கணக்காகும். பார்சலோனாவில் நின்ற லோபஸின் சிலை 2018-இல் அகற்றப்பட்டது. கோமியாஸில் 1890-இல் நிறுவப்பட்ட அவருடைய நினைவுச்சின்னம் கடலை நோக்கி இன்றும் நிற்கிறது. ஒரே மனிதரை இரண்டு ஊர்கள் இருவேறாக நடத்துவதன் காரணத்தைக் கணக்கேடுகள், கப்பற்பதிவுகள், கட்டட வரைபடங்கள் ஆகியவற்றை ஒருங்கே வைத்து ஆராயும் கட்டுரைகளை இவ்வரங்கு முதல் அமர்வுக்கு அழைக்கிறது.