தங்கவயல் தரும் பாடம்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வல்வில் ஓரியின் பெருமையைக் கொல்லிமலையில் அறியாதார் இலர். ஆனால் நம் மக்கள் உழைத்து எழுப்பிய ஓர் ஊரின் வரலாற்றை அறிந்தோர் நம்முள் சிலரே. அவ்வூர் கோலார் தங்கவயல்.

பழங்காலத்திலேயே பொன் தோண்டிய மண் அது. 1870களில் லாவெல் என்னும் ஓய்வுபெற்ற படைவீரர் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் நவீன முறையில் சுரங்கம் வெட்டலாயினர். வெட்டியவர் யார்? வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் பண்ணை அடிமைத்தனத்தாலும் வெளியேறிய தமிழர். அவருள் பெரும்பாலோர் நம்மவர்.

சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே பாறையே அனலாய்க் கொதித்தது. பாறை வெடித்து மாண்டோர் பலர். கல்தூசி நுரையீரலில் படிந்து மெல்ல மாண்டோர் அவரினும் பலர். 1902இல் சிவசமுத்திரத்தில் நம் காவிரி ஈன்ற மின்சாரம் சுரங்க இயந்திரங்களுக்கு வந்தது. தொழிலாளி வாழ்ந்ததோ மூங்கில் தட்டிக் குடிசையில்.

ஆயினும் அவர்கள் தலைகுனிந்து வாழவில்லை. 1930இல் தங்கள் கைரேகையைப் பதிவு செய்யும் ஆணையை எதிர்த்து, தொழிற்சங்கம் ஏதும் இல்லாத அந்நாளிலேயே, ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு மட்டுமன்று, மானமும் வேண்டும் என்றனர்.

அத்துணிவு எங்கிருந்து வந்தது? எழுத்திலிருந்து வந்தது என்பேன். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்திற்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் கிளைகள் இருந்தன. பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப்பின் நின்றுபோயிற்று. 1926இல் அதனை மீண்டும் நடத்தியவர் தங்கவயல் அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்ததும் தங்கவயலே. பகலெல்லாம் பாறை உடைத்த கைகள் மாலையில் ஏடு புரட்டின.

அச்சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் பொன் எடுத்தனர் என்பர். பொன் போயிற்று, சயனைடு கலந்த மண்மேடுகள் எஞ்சின. ஆயிரக்கணக்கானோர் பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் நிலை வந்தது. ஆனால் அங்குப் படித்தவர் பிள்ளைகள் ஆசிரியர்களாய், பொறியாளர்களாய், வழக்கறிஞர்களாய்த் தலைநிமிர்ந்தனர். சுரங்கத்தை மூடலாம், கற்ற கல்வியை எவரால் மூட இயலும்?

நம் மலையிலும் பாக்சைட் வெட்டினர். அம்மண் லாரியேறிக் கொண்டையூசி வளைவுகளில் இறங்கிச் சென்றதைக் கண்ணால் கண்டோம். இன்று மண்ணை மட்டுமா இறக்குகிறோம்? என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஆண்டுதோறும் சில பெயர்கள் நடுவில் நின்றுவிடுகின்றன. வீடு தேடிச் சென்றால், “பையன் போர்வெல் வண்டிக்குப் போய்விட்டான், ஐயா; முன்பணம் வாங்கிவிட்டோம்” என்கிறார் தாய். அவரை நான் கடிந்ததில்லை. அடுப்பின் நிலையை நானும் அறிவேன். ஆனால் நம் பாட்டன்மாரையும் மேஸ்திரியின் முன்பணமே சுரங்கத்தில் இறக்கியது என்பதை மறக்கலாகாது.

இளைஞர்களே! வெள்ளி விழாவுக்கு மாலையும் மேடையும் போதா. உங்கள் தெருவில் பள்ளியை விட்டு நின்ற ஒரு பிள்ளையை, வரும் திங்கட்கிழமை கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். முன்பணச் சிக்கல் இருப்பின் சங்கத்தாரிடம் கூறுங்கள்; நாம் கூடித் தீர்ப்போம். நின்றுபோன பெயரை மீண்டும் பதிவேட்டில் எழுத நான் காத்திருப்பேன்.