இரசவாதமும் இயற்கை அறிஞரும்



யான் வாழும் அரியமங்கலத்திற்கு மேற்கே திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை நிமிர்ந்து நிற்கிறது. அங்கே எழுந்தருளியுள்ள இறைவனின் திருப்பெயரைத் தாங்கியவர் தாயுமானவர். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நகரத்து நாயக்கர் அரண்மனையில் அலுவல் பார்த்தவர் என்று அவர் வரலாறு கூறும். பொற்குவை உடையோரும் இரசவாதத்தை நாடி அலைவதைப் பாடலொன்றில் அவர் எண்ணி வருந்துகிறார்.

இழிந்த உலோகத்தைப் பொன்னாக்கும் முயற்சியே இரசவாதம். அதனை வெறும் பேதைமை என்று தள்ளிவிடலாமா? வெள்ளிபோல் ஓடும் பாதரசத்தைக் கந்தகத்தோடு சேர்த்து அரைத்தால் கரும்பொடியாகும். அதனைப் பக்குவமாகச் சூடேற்றினால் செக்கச் சிவந்த சாதிலிங்கமாகும். இத்தகைய மாற்றங்களைக் கண்ணாரக் கண்ட நம் சித்தர் மரபினர், செம்பும் ஒருநாள் பொன்னாகும் என்று கருதியதில் வியப்பென்ன?

மேலைநாட்டு அறிஞரும் அவ்வாறே கருதினர். 1661-இல் பழைய மூலகக் கொள்கைகளை ஐயுற்று நூல் எழுதிய இராபர்ட் பாயிலே, பொன் பெருக்குவதைத் தடுத்த இங்கிலாந்துச் சட்டம் 1689-இல் நீங்குவதற்கும் முயன்றார். 1727-இல் மறைந்த ஐசக் நியூட்டன், இரசவாதம் பற்றி ஏறத்தாழப் பத்து இலட்சம் சொற்களை எழுதிவைத்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நியூட்டன் தம் ஈர்ப்பு விதியை 1687-இல் கணக்கோடு வெளியிட்டார். அதனைக்கொண்டு ஹாலி என்பார் ஒரு வால்மீன் மீண்டும் வருமென்று கணித்தார். இருவரும் மறைந்த பின்னர், 1758-இன் இறுதியில், அது வானில் தோன்றியது. இரசவாத ஏடுகளோ ‘பச்சைச் சிங்கம்’ போன்ற மறைமொழிகளோடு பெட்டிக்குள் உறங்கின. அவற்றுட் பல 1936-இல் இலண்டனில் ஏலம் போயின. நம் சித்தர் நூல்களின் பரிபாஷையும் அத்தகைய பூட்டே அன்றோ? எழுதிய கை ஒன்றுதான். வெளியிட்டது வளர்ந்தது, மறைத்தது வளரவில்லை.

1941-இல் அமெரிக்க அறிஞர் அணுவைத் தாக்கிப் பாதரசத்திலிருந்து பொன்னை ஆக்கியே காட்டினர். அது கதிர்வீசி அழியும் பொன், வாணிகத்திற்கு உதவாது. எனினும் செய்முறையை உலகறிய எழுதினர்.

ஆகவே, ‘இது இரகசியம், யாரிடமும் சொல்லாதே’ என்று பொன்னாசை காட்டுவோரிடம், ‘பலர் முன்னிலையில் செய்து காட்டுக’ என்று கேளுங்கள். உங்கள் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டிலும், தவறிய சோதனையை மறையாது எழுதுங்கள். அடுத்து வருபவன் அவ்விடத்திலிருந்து தொடங்குவான்.