தந்தச் சிமிழும் கொடிக்கருக்கும்



இஸ்லாமியக் கலை ஆராய்ச்சிக்கென்று கூடியுள்ள இச்சபையின் தலைமையுரையில், பத்தாம் நூற்றாண்டில் கோர்தோவாவின் உமய்யாக் கலீபாக்கள் யானைத் தந்தத்தில் செதுக்குவித்த சிமிழ்களையும், அவற்றின் மேனியெங்கும் படர்ந்திருக்கும் கொடிக்கருக்கு என்னும் இலைக்கொடி அலங்காரத்தையும் பற்றிச் சில கருத்துகளைச் சொல்ல விழைகிறேன்.

இச்சிமிழ்களை ஆராயும் நம்மில் பலர், மூடியின் விளிம்பில் ஓடும் அரபு எழுத்தைப் படித்து, இன்னாருக்கு இன்ன ஆண்டில் செய்யப்பட்டதெனத் தெளிந்து, சிங்கத்தையும் குதிரை வீரனையும் விரித்துரைத்தபின், கொடியை இடம் நிரப்பும் அலங்காரமென்று ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறோம். கொடியே இக்கலையின் பிரதான விஷயம் என்பது என் துணிபு.

ஹிஜ்ரி 353ஆம் ஆண்டில், அதாவது 964இல், கலீபா இரண்டாம் அல்ஹகம் தம் மைந்தன் அப்துர் ரஹ்மானின் தாயாகிய சுப்ஹ் அம்மையாருக்கெனச் செய்வித்து, பின்னர் ஸமோராப் பேராலயத்தில் பேணப்பட்டு, இப்போது மத்ரித் தேசியத் தொல்பொருட் காட்சிச்சாலையில் விளங்கும் சிமிழை நோக்குங்கள். அதில் மனித உருவம் ஒன்றுமில்லை. மயில்களும் மான்களும் இணையிணையாய் நிற்பினும், அவற்றைத் தாங்குவதும் பிரிப்பதும் மீண்டும் சேர்ப்பதும் தண்டும் இலையுமே. தந்தம் இயல்பாகவே உருளை வடிவினதாதலால் சிற்பிக்குத் தொடக்கமும் முடிவும் இல்லாத பரப்பொன்று வாய்த்தது. அப்பரப்பில் பின்புலத்தை ஆழக் குடைந்தெடுத்து, இலையின் மேற்புறத்தை மட்டும் பழைய தளத்திலேயே நிறுத்தி, அதன்மேல் நரம்புகளை நுண்ணுளியால் கீறியிருக்கிறான். ஒளி இலையில் தங்குகிறது, இருள் பள்ளத்தில் நிற்கிறது, இரண்டுக்குமிடையே கொடி அசைவதுபோல் தோன்றுகிறது.

நான்காண்டு கழித்து அல்ஹகமின் தம்பி அல்முகீராவுக்காகச் செய்யப்பெற்று, லூவரில் உள்ள சிமிழ் இதனினும் பிரசித்தமானது. எட்டிதழ்ப் பதக்கங்கள் நான்கில் நரம்பு வாத்தியம் மீட்டுவோன், காளையைக் கவ்வும் சிங்கம், கழுகின் கூட்டில் முட்டை கவர்வோர், பேரீச்சங்குலை பறிக்கும் குதிரையேறிகள் எனக் காட்சிகள் நிறைந்துள்ளன. 976இல் அரசுரிமையை முன்னிட்டுக் கொலையுண்ட அவ்விளவரசனின் சரித்திரத்தை அறிந்தோர் அவற்றில் அரசியல் குறிப்புகளைத் தேடுதல் இயற்கை. ஆயினும் கலைத்தரத்தில் ஸமோராச் சிமிழுக்கே முதல் ஸ்தானம் தருவேன். லூவர் சிமிழில் உருவங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கும் கொடி, ஸமோராச் சிமிழில் தன் கதியில் வளர்கிறது.

இக்கொடி ஸ்பெயின் மண்ணில் முளைத்ததன்று. எருசலேமின் பாறைக் குவிமாடத்து மொசைக்குகளிலும், யோர்தானிய முஷத்தா அரண்மனையிலிருந்து 1903இல் பெர்லின் சேர்ந்த கல் முகப்பிலும் சிரியாவிலிருந்து ஆண்ட உமய்யாக்கள் அதனை முன்னமே வளர்த்திருந்தனர். 750இல் அப்பாசியர் அவ்வம்சத்தை வீழ்த்தியபோது தப்பிய முதலாம் அப்துர் ரஹ்மான், 756இல் கோர்தோவாவில் அரசு நிறுவினான். கிழக்கே அப்பாசியரின் ஸாமர்ரா நகரத்துச் சுதைச்சுவர்களில் திராட்சையிலை படிப்படியாகத் தன் உருவிழந்து சரிவான வளைகோடுகளாய்க் கரைந்துபோக, மேற்கே அவன் சந்ததியார் தண்டையும் நரம்பையும் கைவிடவில்லை. இழந்த சிரியாவின் மீதிருந்த பற்றும் இதற்கொரு காரணமென்றே கருதுகிறேன்.

கலை வரலாற்றறிஞர் அலோய்ஸ் ரீகல் 1893இலேயே கொடியொன்றின் பரம்பரையைப் பண்டை எகிப்திலிருந்து தொடர்ந்து காட்டிய வழி நமக்குண்டு. ஆதலால், கட்டுரை வாசிக்கவிருக்கும் அன்பர்கள் எழுத்தைப் படியெடுக்கும் அதே சிரத்தையோடு, தண்டு எங்கே பிரிகிறது, இலை எத்தனை மடலுடையது, உளி எவ்வளவு ஆழம் சென்றது என்பவற்றையும் குறித்துத் தரவேண்டுகிறேன். கலஃப் என்னும் சிற்பி தன் பெயர் பொறித்த சிமிழ் நியூயார்க்கில் இருக்கிறது. அதன் இலைகளை அளவுகோலாகக் கொண்டே பெயரற்ற சிமிழ்களின் கைவண்ணங்களைப் பிரித்தறிய முற்படலாம். அப்பணியோடு முதல் அமர்வு தொடங்குவதாக.