எங்கட தமிழ் இயந்திரத்துக்கு விளங்குமோ?

(சென்ட் லோரன்ட்டில் நடந்த சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

வடை ஆறமுன் முடித்துவிடுகிறேன்.

போன மாரியில் மாமியை ஒரு மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் காரை விட்டுவிட்டு வரமுன், தாதி தன்ரை கைத்தொலைபேசியை நீட்டி, தமிழிலேயே சொல்லும்படி காட்டியிருக்கிறா. மாமி சொன்னா: "மூண்டு நாளா வருத்தம். தொய்வும் இழுக்குது." திரையில் பிரெஞ்சில் வந்தது, மூன்று நாளாகக் கவலையாக இருக்கிறா என்று. தொய்வைக் காணவே இல்லை. நான் உள்ளே போக, தாதி மாமியின் கையைத் தடவி ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறா. நல்ல மனுசி. மாமிக்கோ மூச்சு இரைக்குது.

இயந்திரம் பொய் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் வருத்தம் என்றால் மனக்கவலைதான். செயற்கை நுண்ணறிவு இலக்கணம் படித்து வருவதில்லை. கணனியில் ஏறிக்கிடக்கும் எழுத்தையும் பேச்சையும் கோடிக்கணக்கில் விழுங்கி, எது கூடவோ அதன் பக்கம் சாய்கிறது. அங்கே தமிழே குறைவு. அதுக்குள்ளே எங்கட தமிழ் இன்னும் குறைவு.

ஏன் குறைவு? 1981இல் யாழ் நூலகத்தில் 97,000 அளவில் நூல்கள் எரிந்தன. எஞ்சியதை 2005 தொடக்கம் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தார் தேடித்தேடி ஏற்றுகிறார்கள். நாங்கள்? எங்கட பழைய புத்தாண்டு மலர்கள் நிலவறைப் பெட்டிகளில் கிடக்கின்றன. கணனியில் தட்டியவையும் பாமினி எழுத்துரு. கண்ணுக்குத் தமிழ், கணனிக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டம். யூனிக்கோட்டுக்கு மாற்றுமட்டும் நாங்கள் அதுக்கு ஊமைகள்தான்.

வேடிக்கை என்னவென்றால், யோசுவா பெஞ்சியோ நிறுவிய 'மிலா' ஆராய்ச்சி நிலையம் எங்கட சனம் வாழும் பார்க் எக்ஸ்ரென்சனுக்குப் பக்கத்திலேதான். 2018இல் மொன்றியல் பல்கலைக்கழகம் முன்னின்று வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுப் பிரகடனத்தின் 10 கோட்பாடுகளில், எல்லா விதமான மக்களையும் உள்வாங்க வேண்டும் என்பதும் ஒன்று. தாளில் இருக்கிறது. அவர்கள் வந்து கதவைத் தட்டுமட்டும் மாமியின் தொய்வு பொறுக்காது.

போன கூட்டத்தில் ஒரு ஐயா கேட்டார்: "தம்பி, எங்கட குரலை வாங்கி ஆற்றை கையிலை குடுக்கப் போறாய்?" அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் முழு மறுமொழி இல்லை. அகதி விசாரணையில் வாக்குமூலம் கொடுத்த சனத்துக்குப் பயம் இருக்கும்தானே. பொதுவில் விட்ட குரலை ஆரும் எடுக்கலாம். திருப்பி வாங்க ஏலாது. நியூசிலாந்து மவோரி மக்களின் 'தே ஹிகு' ஊடக நிறுவனம் 2018இல் 10 நாளில் 300 மணித்தியாலத்துக்கு மேல் தங்கள் மொழியைப் பதிந்தது. பெரிய கம்பனிகளுக்குக் கொடுக்காமல் தங்கட கையிலேயே வைத்திருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கவேணும்.

ஊர்க்கதை, குடும்பக்கதை ஒன்றும் வேண்டாம். வருத்தத்துக்கும் குசினிக்கும் உரிய சொற்கள், அவற்றை வைத்து இரண்டு மூன்று வசனங்கள். பேர் பதிய மாட்டோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு வாசலடியில் ஒரு மேசை போட்டிருக்கு. பழைய மலர் வைத்திருப்பவர்கள் அதிலே சொல்லுங்கோ, வந்து எடுக்கிறோம். மாமியும் அங்கேதான் இருப்பா. தொய்வு என்றால் என்னவென்று அவவே முதலில் சொல்லித் தொடங்குவா.