ரத்தம் கொடுக்க முன்வாருங்கள்!

(நூற்பாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசிய பேச்சு)



வழக்கமாகக் கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசத்தான் நாம் கூடுகிறோம். இன்று வேறொரு விஷயம் பேச வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அது என் சொந்தக் குற்றம்.

சுமார் இருபது வருஷங்களுக்கு முன்னால் நடந்தது. நான் முழுநேர ஊழியனாக வந்த புதிது. நடவு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணைப் பிரசவத்துக்காக சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பிள்ளை பிறந்துவிட்டது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. "அவளுக்குச் சேரும் ரத்தம் ஒரே ஒரு பைதான் இருப்பில் இருக்கிறது. இன்னும் வேண்டும். ஆட்களைக் கூட்டி வாருங்கள்" என்றார் டாக்டரம்மா.

வராந்தாவில் ஆறு ஆண்கள் நின்றோம். புருஷனுடைய ரத்தம் வேறு வகை. மைத்துனன், "நாளைக்கு அறுப்புக்குப் போகணும், உடம்பு தாங்காது" என்றான். ஒருவர் டீ குடிக்கப் போனவர் திரும்பவே இல்லை. மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேடையில் வீராவேசமாகப் பேசும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெண்டு நாளாகக் காய்ச்சல்" என்றேன். காய்ச்சலும் இல்லை, தலைவலியும் இல்லை. பயம்!

பக்கத்து வார்டில் அண்ணனைப் பார்க்க வந்திருந்த ஒரு மில் தொழிலாளி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு வார விடுமுறை. "என்னுடையதைப் பாருங்க" என்று கையை நீட்டினார். பொருந்தியது. படுத்தார், கொடுத்தார், எழுந்தார். கொடுத்த ரத்தத்தை நோய்க்கிருமி இல்லையென்று பரிசோதித்து முடிக்கும் வரை, அந்தப் பெண்ணின் உயிர் இழைபோல ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் பிழைத்தாள். அந்தத் தொழிலாளியோ மறுநாள் வழக்கம்போல ஷிப்டுக்குப் போனார்.

அவர் என்ன சாதி, அவள் என்ன சாதி என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. டீக்கடையில் தம்ளரைத் தனியாக வைக்கும் ஊர்தான் அது!

உடம்பு தாங்காதா?

"நாங்கள் உழைக்கிற ஜனங்கள். ரத்தம் கொடுத்தால் மண்வெட்டி பிடிக்க முடியுமா? மிஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்க முடியுமா?" நியாயமான கேள்விதான். கணக்கைப் பாருங்கள்.

வளர்ந்த ஆணின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. எடுப்பது 350 மில்லி. எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லி வரை எடுப்பதுண்டு. குறைந்த நீர் ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் நிரம்பச் சில வாரங்கள் ஆகும். அதனால்தான் ஒருமுறை கொடுத்த ஆண் 90 நாள் கழித்தும், பெண் 120 நாள் கழித்தும்தான் மறுபடி கொடுக்கலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். கிணற்றில் இறைத்தால் ஊறுவதைப் போல, உடம்பும் ஊறிக்கொள்கிறது.

ஆனால் சில காரியங்களில் கண்டிப்பாக இருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் போகாதீர்கள். முதல் நாள் குடித்தவன் அந்தப் பக்கமே போகக்கூடாது. கொடுத்த பிறகு கால் மணி நேரம் உட்கார்ந்து, தருகிற பானத்தைக் குடித்துவிட்டு வாருங்கள். அன்று முழுவதும் மூட்டை தூக்குவதும், பனை ஏறுவதும், சாரத்தில் நிற்பதும் வேண்டாம்.

18 வயது நிரம்பி, 45 கிலோ எடையாவது இருந்து, ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாதவர் கொடுக்கலாம். மஞ்சள் காமாலை, மலேரியா, வேறு எந்த நோய் வந்திருந்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் வாங்குகிறவன் உயிருக்கு ஆபத்து.

கொடுக்க வேண்டியவர் யார்?

இங்கே வந்திருக்கும் தாய்மார்களில் பலர் முன்வந்தாலும் "உங்களுக்கே ரத்தம் போதாதம்மா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2019–21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. நாற்று நட்டு, களை எடுத்து, கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவளுக்கு ரத்தம் எங்கிருந்து வரும்? சோகை பிடித்த உடம்பு பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் இழந்தாலும் தாங்குவதில்லை.

ஆகவே ரத்தம் மிக அவசரமாகத் தேவைப்படுவதும் நம் வீட்டுப் பெண்களுக்கே. கொடுக்க முடியாமல் இருப்பதும் அவர்களே. அப்படியானால் கொடுக்கவேண்டிய பொறுப்பு யாருடையது? கை கால் திடமாக இருக்கும் ஆண்களே, உங்களுடையது! ரேஷனும் சத்துணவும் இரும்புச்சத்து மாத்திரையும் ஒழுங்காகக் கிடைக்கவேண்டுமென்று போராடுவோம். ஆனால் இன்று ராத்திரி பிரசவ வார்டில் கிடப்பவள் போராட்டம் ஜெயிக்கும் வரை காத்திருக்க மாட்டாள்.

விற்ற காலம் போயிற்று

ஒரு காலத்தில் நம் நாட்டில் ரத்தம் கடைச்சரக்காக இருந்தது. வேலையில்லாதவனும் பசித்தவனும் ஒருவேளைச் சோற்றுக்காக ரத்தத்தை விற்றான். சோகை பிடித்தவன் விற்றான், நோயாளியும் விற்றான். நடுவில் நின்ற தரகன் கொழுத்தான். 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இதை நிறுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு ரத்தம் விற்பது தடைசெய்யப்பட்டது. தனியார் ஆஸ்பத்திரியில் வாங்குகிற தொகைகூடப் பரிசோதனைக்கும் பாதுகாப்புக்கும் உண்டான கட்டணமே ஒழிய, ரத்தத்தின் விலை அல்ல.

நல்ல தீர்ப்பு. ஆனால் விற்பது நின்றால் கொடுப்பது பெருக வேண்டும். இல்லாவிட்டால் ஏழை எங்கே போவான்? எந்த ஆலையிலும் ரத்தம் உற்பத்தியாவதில்லை. மனித உடம்பு ஒன்றுதான் அதற்கு ஆலை.

டாக்டர் பெத்யூன் காட்டிய வழி

கனடா தேசத்து டாக்டர் நார்மன் பெத்யூனை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 1936ல் ஸ்பெயினில் பாசிஸ்டுகள் மாட்ரிட் நகரை முற்றுகையிட்டபோது அங்கே போனார். காயம்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருமுன்பே ரத்தம் வடிந்து சாவதைப் பார்த்தார். காயம்பட்டவன் ரத்தத்தைத் தேடி வருவானேன், ரத்தம் அவனைத் தேடிப் போகட்டும் என்று முடிவு செய்தார். மாட்ரிட் ஜனங்கள் கொடுத்த ரத்தத்தைப் பாட்டில்களில் குளிர்ச்சியாக வைத்து, வண்டியில் போர்முனைக்கே கொண்டுபோனார்.

1938ல் சீனாவுக்குப் போனார். அங்கே தானே படுத்துத் தன் ரத்தத்தைக் கொடுத்தார். 1939 நவம்பரில், ஆபரேஷன் செய்கையில் விரலில் பட்ட வெட்டு விஷமேறி உயிர் துறந்தார்.

அவர் செய்ததன் சாரம் என்ன? ஆபத்து வந்த பிறகு ஆள் தேடக்கூடாது. ஆபத்து வருமுன்பே ரத்தம் தயாராக இருக்கவேண்டும். அன்று எங்கள் வராந்தாவில் இல்லாமல் போனது அதுதான்.

நாம் செய்ய வேண்டியது

தலைவர் பிறந்த நாளென்று ஒரே நாளில் நூறு பேர் கொடுத்துவிட்டு, அப்புறம் வருஷம் முழுவதும் மறந்துவிடுகிற வழக்கம் இருக்கிறது. எடுத்த ரத்தத்தைச் சாதாரணமாக 35 முதல் 42 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். அதிலிருந்து பிரிக்கும் தட்டணுக்கள் 5 நாளோடு சரி. ஆகவே ஒரே நாளில் வெள்ளமாகக் கொட்டுவதைவிட, மாதாமாதம் முறைவைத்துக் கொடுப்பதே மேல். வயலுக்கு முறைத் தண்ணீர் விடுவது நமக்குத் தெரியாததா?

ஒவ்வொரு மில் சங்கக் கிளையிலும், ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி, இவ்வளவு போதும். மாதத்துக்கு நாலு பேர் ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்குப் போகட்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கு ரத்தம் கொடுக்கும் நாளுக்குச் சிறப்பு விடுப்பு உண்டு. ஆலைத் தொழிலாளிக்கும் அன்று கூலியோடு விடுப்பு வேண்டுமென்று அடுத்த பேச்சுவார்த்தையில் கோருவோம்.

நான் முதன்முதலில் ரத்தம் கொடுத்தது அந்தப் பிரசவத்துக்கு ஒரு மாதம் கழித்து. ஊசி குத்தியபோது எறும்பு கடித்ததைப் போலிருந்தது. இதற்காகவா பொய் சொன்னோம் என்று கண்ணில் நீர் வந்தது. அன்று முதல் விடாமல் கொடுத்து வருகிறேன். அந்த மில் தொழிலாளியின் பெயரைக்கூட அன்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

தோழர்களே, இந்த மேஜை மேல் நோட்டு இருக்கிறது. முதல் பெயர் என்னுடையது. அடுத்த பெயர் யாருடையது?